கோரத்துக்கு ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, குளியலறை வாசலில் நின்றபடி அவர் ஒரு சோப்பு உறையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"'நுரைப் பொங்கும்'னு போட்டிருக்கான். இங்க எதுக்கு ப்?"

"நுரை வருதுல்ல, விடுங்க."

"வேண்டாத இடத்துல ப் போடறான். வேணுங்கிற இடத்துல ச் போட மாட்டேங்கறான். என்ன ஊரோ!"

"கூட்டத்துக்கு நேரமாச்சு. போயிட்டுச் சீக்கிரம் வாங்க. வர்றப்ப ஒரு தீப்பெட்டி."

சரி என்றார். அவ்வளவுதான். முப்பத்தேழு வருட இல்லறத்தில் கடைசியாகப் பேசிக்கொண்டது ஒரு சோப்பைப் பற்றியும் ஒரு தீப்பெட்டியைப் பற்றியும். ஏழரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அவர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஒற்று மிகுமா மிகாதா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். அதனால் ஊரில் அவருக்கு 'ஒற்றுக்காரர்' என்றே பெயர். அவர் மனைவிக்கு அதே அச்சகத்தில் பைண்டிங் வேலை. அவர் திருத்திய பக்கங்களை அவள் மடித்து, தைத்து, பசை தடவுவாள். கல்யாணம் ஆனதே அப்படித்தான். ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு மிஞ்சியது முட்டிவலி. அவருக்கு மிஞ்சியவை சங்கங்கள்.

அந்தக் கடலோர மாவட்டத்தில் வாரத்துக்கு ஐந்து கூட்டம். திங்களன்று சிப்பி சேகரிப்போர் மன்றம், செவ்வாயன்று கடற்கரைத் தூய்மைக் குழு, புதனன்று நீச்சல் கழகம், வியாழனன்று அலை நோக்கர் வட்டம், வெள்ளியன்று இவை அனைத்துக்கும் தாயான கூட்டமைப்பு. 'இந்த வாரம் நம் மாவட்டத்தில்' என்று ஒரு தாள் ஞாயிறுதோறும் கதவிடுக்கில் வந்து விழும். அதைப் படிக்கிறவருக்கு மாவட்டமே மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். எல்லாக் கூட்டங்களும் துறைமுகச் சாலையில் ஒரே கூடத்தில், ஒரே மேசையைச் சுற்றி, அதே ஐந்து பேரோடு நடந்தன. சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை மட்டும் மாறும். நீச்சல் கழகத்தில் நீந்தத் தெரிந்தவர் கிடையாது. தூய்மைக் குழு கடற்கரையை மிதித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஐவரில் ஐந்தாமவர் அவர்.

அவள் மனத்தில் முள் தைத்தது ஆஸ்பத்திரியில்தான். இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, "வலி எப்ப ஆரம்பிச்சுது? கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று கேட்டாள். அவரைக் கொண்டுவந்து சேர்த்த நான்கு பேரும் நான்கு சுவரைப் பார்த்தார்கள். டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். அவளுக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் காத்திருக்கவில்லை. ஐந்தரைக்குக் கூட்டம், ஏழரைக்குப் போன். நடுவில் இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று?

ஞாயிறு காலை அடக்கம் முடிந்தது. மாலையில் கதவிடுக்கில் தாள் விழுந்தது. துணைக்கு வந்திருந்த தங்கை அதை எடுத்து வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, நாளைக்கு மாமா சிப்பி மன்றத்துல பேசறாராம். 'சிப்பியும் செந்தமிழும்.' அனைவரும் வருகன்னு போட்டிருக்கு."

மறுநாள் மாலை போன் வந்தது. தங்கைதான் எடுத்தாள். கேட்டாள், முகம் மாறினாள், வைத்தாள்.

"யாரோ செயலாளராம். 'இன்னைக்குக் கோரம் இல்லாமப் போயிடும் போலிருக்கு'ங்கறாங்க. நம்ம வீட்ல நடந்ததைவிட இன்னும் என்ன கோரம் வேணுமாம் இவங்களுக்கு?"

"அது வேற கோரம்டி. கூட்டம் செல்லணும்னா இத்தனை பேர் இருக்கணும்னு ஒரு கணக்கு. இவங்களுக்கு அஞ்சு."

"அஞ்சு பேர் இருக்கற இடத்துல அஞ்சு பேரும் வரணுமா? அப்ப ஒருத்தருக்கு ஜலதோஷம் பிடிச்சா?"

"பிடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

கூடத்தில் நால்வரும் சிப்பி அட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், எடை நிலையத்தில் அதிகாரியாக இருந்தவர்; எதையும் எடை போட்டுத்தான் பேசுவேன் என்பார், அதனால் எதையும் சுருக்கமாகப் பேச மாட்டார். செயலாளர் அம்மாள் சுருக்கெழுத்து படித்தவர்; மேசையில் யாராவது தும்மினாலும் மணி நிமிடத்தோடு எழுதிவிடுவார். துணைத் தலைவர் பல் டாக்டர். நான்காமவர் பக்கத்திலேயே கடை வைத்திருக்கும் வலைக்கடைக்காரர். ஐந்தாவது நாற்காலி இழுத்துப் போட்டபடி காலியாக இருந்தது. நால்வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

"சாருக்காகத்தான்" என்றார் செயலாளர். "கோரம் சேரலைன்னா அரை மணி நேரம் காத்திருக்கணும்னு விதி."

"அவர் செத்துப்போயிட்டாரும்மா. நேத்து நீங்க எல்லாரும் அடக்கத்துக்கு வந்தீங்க."

"வந்தோம்" என்றார் தலைவர், கையை நெஞ்சில் வைத்து. "நான் அழுதேன். தனிப்பட்ட முறையில எங்க நாலு பேருக்கும் தெரியும்மா. ஆனா சங்கத்துக்கு இன்னும் தெரியாது."

"சங்கம்னா நீங்கதானே?"

"அப்படிப் பார்க்கக் கூடாது. கூட்டத்துல முறைப்படி அறிவிச்சாத்தான் சங்கத்துக்குத் தெரிஞ்ச மாதிரி. கூட்டம் நடக்கக் கோரம் வேணும். சார் வந்தா கோரம் சேர்ந்துடும், உடனே இரங்கல் தீர்மானம் போட்டுடலாம்."

அவள் ஒரு நொடி அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். விளையாடுகிற முகமாக இல்லை. சரியாக ஆறு மணிக்குச் செயலாளர் "உறுப்பினர் வரவில்லை" என்று எழுதிக் கோடு போட்டார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வாசலில் வலைக்கடைக்காரர் மட்டும் பின்னால் வந்து, "அக்கா, பார்த்துப் போங்க" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், உள்ளே தலைவர் இருமியதும் விழுங்கிக்கொண்டார்.

அந்த இருமலை அவள் வீடுவரை சுமந்துகொண்டு போனாள்.

செவ்வாயன்று நேரே செயலாளரிடம் கேட்டாள். "போன வெள்ளிக்கிழமை கூட்டத்துல என்ன நடந்துதுன்னு எழுதியிருப்பீங்களே. அதைப் படிக்கணும்."

"நடவடிக்கைக் குறிப்பா?" செயலாளர் பருத்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அடுத்த கூட்டத்துல வாசிச்சு உறுதி செய்யற வரைக்கும் அது குறிப்பே இல்லம்மா. வெறும் கையெழுத்து."

"அந்தக் கையெழுத்தைக் காட்டுங்க."

"உறுதி செய்யாததைக் காட்டினா, நடக்காததைக் காட்டின மாதிரி ஆயிடும்."

"ஒற்றுக்காரர் வீட்ல இருந்து ஒற்றுப் பார்க்க வந்திருக்காங்க போல" என்று பல் டாக்டர் சிரித்தார். ஒற்று என்றால் வேவு என்றும் ஒரு பொருள் உண்டு. அவர் மட்டும்தான் சிரித்தார்.

அப்போது வலைக்கடைக்காரர், யாரையும் பார்க்காமல், "புத்தகத்தோட முதுகு பிரிஞ்சு கெடக்கு. அக்கா பைண்டிங்ல இருந்தவங்கதானே, கொஞ்சம் பார்க்கட்டுமே" என்றார். பழுது பார்ப்பதற்கு விதியில் தடை இல்லை. செயலாளர் எழுதிய பக்கங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, முதுகை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

அவளுக்கு முதுகு போதும். புத்தகம் என்பது பக்கங்களால் ஆனதில்லை, மடிப்புகளால் ஆனது. ஒரு தாளை எடுத்தால் அதன் ஜோடி தனியாக ஆடும். கடைசி மடிப்பில் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு தாள் ஆடியது. அதன் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில், நூலை ஒட்டி, பிளேடால் அறுத்த அரை விரல் அகல விளிம்பு. அந்த விளிம்பின்மேல் புதிதாக ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பசை இன்னும் முழுதாக இறுகவில்லை. ஒட்டி மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்.

"சரி பண்ண முடியுமா?" என்றார் தலைவர்.

"வெட்டின கை யாரோடதுன்னு தெரிஞ்சா பண்ணலாம்" என்று அவள் சொன்னாள். செயலாளர் புத்தகத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பார்த்தியா!" என்றாள் தங்கை, விஷயம் கேட்டதும். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறாங்க. என்னமோ பண்ணியிருக்காங்கக்கா. சண்டை கிண்டை, கைகலப்பு..."

"அவர் யார்கூடடி சண்டை போடுவார்? சோப்புக் கம்பெனிகூடத்தான் போடுவார்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. தங்கை எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

புதனன்று நீச்சல் கழகம். ஐந்தாமவர் வராததால் நீச்சல் தொப்பியின் நிறம் பற்றிய விவாதம் நான்காவது வருடமாகத் தள்ளிப்போயிற்று. அவள் பல் டாக்டரை வாசலில் மடக்கினாள்.

"நீங்கதானே அவருக்குப் பக்கத்து நாற்காலி? அன்னைக்கு அவருக்கு வேர்த்துதா? நெஞ்சைப் பிடிச்சாரா?"

"அம்மா, நான் பல்லுக்குத்தான் டாக்டர். நெஞ்சைப் பத்தி நான் ஏதாவது சொன்னா எல்லை மீறின மாதிரி. வாய் வரைக்கும் கேளுங்க, சொல்றேன்."

"சரி, வாய். வாயால என்ன சொன்னார்?"

பல் டாக்டர் கழகத்தின் அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றிப் பையில் போட்டார். "அது குறிப்புல இருக்கு. குறிப்பு இன்னும் உறுதியாகல" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

எந்தக் கதவைத் தட்டினாலும் அதே பூட்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி ஐந்தாவது ஆள். வியாழக்கிழமை அவள் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அதைத் தர மாட்டோம் என்று சொல்ல விதி இல்லை. அலை நோக்கர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு அலைகளைப் பற்றிப் பேசக் காத்திருந்த அரை மணியில், மூலையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். முப்பத்தேழு வருடம் ஒரு பிழைதிருத்துநரோடு வாழ்ந்தவளுக்கு அடிக்குறிப்பு வரை போகிற பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினான்காம் விதியின் அடிக்குறிப்பில் அது இருந்தது: உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து வர இயலாதபோது அவர் குடும்பத்தார் ஒருவர் தற்காலிக உறுப்பினராக அமரலாம்.

தலைவர் நான்கு முறை படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அருமை. கூட்டமைப்பே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. ஆனா ஒரு விஷயம். தற்காலிக உறுப்பினருக்குப் பேச்சுரிமை கிடையாது. கைதூக்கும் உரிமையும் கிடையாது."

"அப்ப என்னதான் உண்டு?"

"உக்காரலாம்" என்றார் செயலாளர். "கோரத்துக்குச் சேருவீங்க. குரலுக்குச் சேர மாட்டீங்க."

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு அவள் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையைச் சுற்றி ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஓடியது. தலைவர் சுத்தியலைத் தட்டினார். கூட்டமைப்புக்கு உயிர் வந்தது.

"முதல்ல சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அதை உறுதி செஞ்சப்புறம்தான் புதுச் செய்தி. இரங்கல் புதுச் செய்தியில வருது" என்றார் தலைவர்.

செயலாளர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"மாலை 5.30. ஐவரும் வருகை. பொருள்: வாசல் பலகையில் 'மாவட்ட சங்கங்களின் கூட்டமைப்பு' என்பதில் 'மாவட்ட' என்னும் சொல்லுக்குப் பின் ச் சேர்ப்பது. கொண்டுவந்தவர் ஒற்றுக்காரர். எட்டாண்டாக நிலுவையில் உள்ளது. 5.48. ஒற்றுக்காரர் எழுந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருப்பதாகவும் வெளியே செல்ல வேண்டும் என்றும் கூறினார். அவர் சென்றால் கோரம் குறையும், தீர்மானம் மேலும் ஆறு மாதம் தள்ளிப்போகும் எனத் தலைவர் நினைவூட்டினார். ஒற்றுக்காரர் அமர்ந்தார். 6.03. ஒற்றுக்காரர் மீண்டும் எழுந்தார். ச் சேர்த்தால் பலகையில் இடம் போதுமா என்பது பற்றித் துணைத் தலைவர் பேசிக்கொண்டிருந்தமையால், இடையில் எழுவது முறையன்று எனத் தலைவர் சுட்டிக்காட்டினார். ஒற்றுக்காரர் அமர்ந்தார். 6.15. ஒற்றுக்காரர் தண்ணீர் கேட்டார். தரப்பட்டது. 6.40. தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. நால்வர் கை உயர்த்தினர். ஒற்றுக்காரர் கை உயர்த்தவில்லை. எனினும் தலை சாய்த்தமையால் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 6.41 முதல் 6.55 வரை நன்றியுரை. அனைவரும் எழுந்தபின் ஒற்றுக்காரர் எழவில்லை என்பது கவனிக்கப்பட்டது."

செயலாளர் உட்கார்ந்தார்.

"வெட்டின தாள் எங்க?" என்று அவள் கேட்டாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை.

"தற்காலிக உறுப்பினருக்கு..." என்று தொடங்கிய தலைவரைச் செயலாளர் கையமர்த்தினார். அவருக்கு இது தொழில் கௌரவப் பிரச்சினை. புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். அதன்மேல் 'ரத்து செய்த தாள், எண் 1' என்று எழுதியிருந்தது.

"திருட்டுத்தனம் எதுவும் இல்லம்மா. நல்லா பாருங்க. முதல்ல எழுதின தாள்ல, தலைப்புல கூட்டமைப்போட பேரை ச் இல்லாம எழுதிட்டேன். எழுதி முடிக்கறதுக்குள்ள தீர்மானம் நிறைவேறிடுச்சே! ச் போட்டுப் புதுசா எழுதி ஒட்டினேன். சார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

அவள் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த ச் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது அதிலும் இருந்தது, இதிலும் இருந்தது. தண்ணீர் கேட்டது இரண்டிலும் இருந்தது. ஒரு வாரமாக அவள் தேடிய பூசணிக்காயை யாரும் சோற்றில் மறைக்கவில்லை. மேசைமேல் வைத்து, துடைத்து, வரிசை எண் போட்டு வைத்திருந்தார்கள். மறைத்திருந்தாலாவது அது தப்பு என்று தெரிந்தவர்கள் நால்வர் அங்கே இருந்திருப்பார்கள்.

தலைவர் அவள் மௌனத்தைத் தவறாக எடை போட்டார். எழுந்தார்.

"அம்மா, உங்களுக்குப் பெருமையா இருக்கணும். இந்தக் காலத்துல நாலு வார்த்தை பேசறதுக்குள்ள எழுந்து ஓடறாங்க. அவர் ரெண்டு தடவை எழுந்தார், ரெண்டு தடவையும் நான் ஒரு வார்த்தை சொன்னதும் உக்காந்துட்டார். அந்த மரியாதை யாருக்கு வரும்? நாங்க யாரையும் பிடிச்சு வைக்கறதில்ல. கதவு திறந்துதான் இருந்துது. விதியைத்தான் சொன்னோம். விதி எல்லாருக்கும் பொது. நாளைக்கு எனக்கே நெஞ்சு வலிச்சாலும்..." இங்கே அவர் சற்று நிறுத்தி, அந்த வாக்கியத்தை எடை போட்டு, முடிக்காமல் விட்டுவிட்டார். "ஆக, குறிப்புல திருத்தம் ஏதும் இருக்கா? இல்லைன்னா உறுதி செஞ்சுடலாம்."

"இருக்கு" என்றாள் அவள்.

"உங்களுக்குப் பேச்சுரிமை..."

"ஒரே ஒரு ஒற்றுதான் தப்பா இருக்கு. ரெண்டு இடத்துல." அவள் தாளின்மேல் விரலை வைத்தாள். "'அமர்ந்தார்'னு போட்டிருக்கீங்க. ந் வரக் கூடாது. த் வரணும். அவர் அமரல. நீங்க அமர்த்தினீங்க."

செயலாளர் பேனாவைத் திறந்து, மூடி, திறந்தார். பல் டாக்டர் தன் நகங்களைப் பார்த்தார். அது வாய்க்கும் அப்பாற்பட்ட விஷயம்.

"நான் வழிமொழியறேன்" என்றார் வலைக்கடைக்காரர். ஒரு வாரமாக விழுங்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்து விழுந்ததுபோல இருந்தது. "அக்கா சொல்றது சரி. தண்ணி கொடுத்தது நான்தான். சார் கை அப்படி நடுங்குச்சு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் உக்காந்திருந்தேன்."

"முன்மொழியாததை எப்படி வழிமொழிவீங்க?" என்றார் தலைவர். "தற்காலிக உறுப்பினர் முன்மொழிய முடியாது. அதோட, 'அமர்த்தினோம்'னு போட்டா எழுவாய் மாறுது. எழுவாயை மாத்தணும்னா தனித் தீர்மானம் வேணும். அதுக்கு ஆறு மாச முன்னறிவிப்பு..."

அவள் எழுந்தாள்.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தத்துக்கு நால்வரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அம்மா, எங்க போறீங்க? உக்காருங்க!" தலைவரின் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. "இரங்கல் தீர்மானம் இன்னும் இருக்கு! இப்ப போனீங்கன்னா கோரம் போயிடும். கோரம் போயிட்டா இன்னைக்கு வாசிச்சது எதுவும் செல்லாது!"

"உக்காருங்கம்மா" என்றார் செயலாளர், மணியைப் பார்த்து எழுதிக்கொண்டே.

வலைக்கடைக்காரர் மட்டும் உக்காருங்க என்று சொல்லவில்லை. எழுந்து வழிவிட்டார்.

ஞாயிறன்று வந்த தாளில் ஒரு வரி இருந்தது: 'கோரமின்மையால் கூட்டமைப்பின் கூட்டம் செல்லாததாயிற்று.' அதன்படி குறிப்பு இன்னும் உறுதியாகவில்லை. அவர் இறந்தது சங்கத்துக்கு இன்னும் தெரியாது. புதனன்று நீச்சல் கழகத்தில் தொப்பியின் நிறம் பற்றி அவர் பேசுவார் என்றும் அதே தாளில் இருந்தது. தங்கை அதை மடித்து வைத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை கூடத்தைவிட்டு வெளியே வந்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வலது பக்கம் திரும்பினாள். வலைக்கடை, ஐஸ் தொழிற்சாலையின் நீளச் சுவர், ஒரு சைக்கிள் நிறுத்தம், சாலையைக் கடந்தால் ஆஸ்பத்திரியின் இரும்புக் கதவு. கூடத்துச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்த நேரத்தை ஆஸ்பத்திரி வாசல் கடிகாரத்தில் கழித்துப் பார்த்தாள். மறுநாள் போய் மறுபடி நடந்தாள். மழை பெய்த ஒரு நாள் நடந்தாள். முட்டி வீங்கி, ஐஸ் தொழிற்சாலைச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த நாளிலும், லாரி ஒன்று போகும்வரை சாலையோரம் நின்ற நாளிலும் கழித்துப் பார்த்தாள்.

ஆறு நிமிடம்தான்.